மன்னிப்பும் தாழ்ப்பாளும்

என் அப்பா குடியை விட்டது சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடுவதற்கு முன்னால். பின்னால் அல்ல. இதை என் கல்யாணத்துக்கு முன்பும் சொன்னேன், பின்பும் சொன்னேன், பேரப்பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று. எங்கள் ஊர் கடைசிவரை நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நடந்ததை எழுதிவைக்கிறேன்.

காலையில் வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போய்விடலாம், அவ்வளவு தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். ராகியும் சாமையும் நிலக்கடலையும் போடுகிற மேட்டுக்காடு. எங்கள் தெருவில் எல்லோரும் கத்தோலிக்கர்கள். ஓடு போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. பங்குச் சாமியார் வெள்ளைக்காரர், பிரெஞ்சு தேசத்தவர். மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம். செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, யார் பூசைக்கு வரவில்லை என்று சாமியாரிடம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை.

அந்த ஞானோபதேச வகுப்பில்தான் இஷ்டப்பிரசாதம் என்ற வார்த்தையை முதலில் கேட்டேன். நாம் கேட்காமல், நமக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல், ஆண்டவர் தாமாகவே கொடுக்கிற கொடை என்று உபதேசியார் சொல்லித் தந்தார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து அதை உரக்க ஒப்பிப்பேன். அம்மா அடுப்புக்கு முன் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டே கேட்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் காதில் விழுந்தால் அதை லேசில் விடமாட்டாள்.

அப்பா அப்போது கள்ளில் கிடந்தார். ரோட்டு முக்கில் ஈச்சமரங்களின் கீழே கடை இருந்தது. பகலில் காட்டு வேலை, பொழுது சாய்ந்தால் கடை, அங்கிருந்து வந்தால் அடி. தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நிலக்கடலைப் பருவத்தில், களி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லி, களி கிண்டுகிற துடுப்பாலேயே அம்மாவின் முழங்கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அம்மா அழவில்லை. கையை முந்தானையால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுநாள் இண்டூர்ப் பக்கம் எலும்பு கட்டுகிறவரிடம் போனாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, அவளுடைய அப்பா அவளுக்கென்று விட்டிருந்த காட்டில் இருந்த கொட்டாய்க்குக் குடி போய்விட்டாள். அதற்குக் கதவு இல்லை, படல்தான் இருந்தது. முதல் வேலையாக ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகைக் கதவு போட்டு, உள்பக்கம் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னாள்.

ஊர் கொதித்தது. கலியாணம் என்கிற தேவதிரவிய அனுமானத்தை, ஆண்டவர் சேர்த்துவைத்த பந்தத்தை, அவமதித்துவிட்டாள் என்றார் உபதேசியார். அடுத்த பூசைக்கு வந்த சாமியாரை நேரே எங்கள் கொட்டாய்க்குக் கூட்டி வந்துவிட்டார். சாமியார் குதிரையை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, அம்மா போட்ட பலகையில் உட்கார்ந்தார். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வார்த்தைகள் கொஞ்சம் இழுபடும்.

"புருஷனை மன்னிக்க மாட்டாயா? கணக்குப் பார்க்காமல் மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லையா?"

"மன்னிச்சிட்டங்க சாமி," என்றாள் அம்மா. "கை முறிஞ்ச அன்னிக்கே மன்னிச்சிட்டன்."

"அப்படியானால் வீட்டுக்குப் போ."

"போவ மாட்டங்க."

உபதேசியார் குறுக்கே வந்தார். "மன்னிச்சிட்டன்ற, போவ மாட்டன்ற. இதென்ன மன்னிப்பு? அவன் திருந்தி வந்தா மன்னிப்பன்னு சொல்லு, அதுல ஒரு ஞாயம் இருக்குது."

"அவரு திருந்துனாதான் மன்னிப்பன்னா அது யாவாரங்க. நீங்கதான புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ஆண்டவரு தகுதி பாக்காம குடுக்கறாருன்னு? அதனால நானும் பாக்கல, குடுத்துட்டன். கதவு வேற சமாச்சாரங்க. கதவு எம் புள்ளைங்களுக்காகச் சாத்தறது."

சாமியார் பலகையை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "கதவைச் சாத்திக்கொண்டு மன்னித்தேன் என்றால், மன்னித்தது அவனுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்விதான். அம்மா முறிந்த கையைத் தடவிக்கொண்டு யோசித்தாள்.

"நான் போனா அவரு காதுல ஏறாதுங்க. நீங்க போயிச் சொல்லுங்க சாமி."

சாமியார் போய்ச் சொன்னார். வேறு எவ்வளவோ செய்திருக்கலாம். கோயிலுக்கு வராதே என்று தள்ளிவைத்திருக்கலாம். மறுநாள் பூசையில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்துக் கிராதிக்கு முன்னால் போய் முழந்தாளிட்டபோது, பின்னால் பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். சாமியார் அவள் முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு அப்பத்தை அவள் நாவில் வைத்து நன்மை கொடுத்தார். உபதேசியார் முகம் சுண்டிப்போனது.

அதற்கடுத்த ஒரு காலையில் அப்பா கொட்டாய்க்கு வந்தார். குடித்திருக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. நானும் அம்மாவும் உள்ளே இருந்தோம்.

"ஏ புள்ள. மன்னிச்சிட்டயாமே? சாமியாரு வந்து சொன்னாரு."

"ஆமாங்க."

"நான் கேக்கவே இல்லியே?"

"நீங்க கேக்கலதான்."

"நான் இன்னிக்கும் குடிப்பன்."

"குடிங்க. அதுக்கும் சேத்துத்தான் மன்னிச்சன்."

அப்பா கதவை உதைத்தார். "அப்ப தொறடி!"

"தொறக்க மாட்டங்க."

தாழ்ப்பாள் அசையவில்லை. அப்பா கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே வரப்பில் இறங்கிப் போனார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தார் என்று கேள்விப்பட்டோம். அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். பிற்காலத்தில் அதைப் பற்றி அவரே என்னிடம் சொன்னார். "உங்கம்மா சாபம் உட்டிருந்தா எனக்குச் சவுகரியமா இருந்திருக்கும். சரிதான் போடின்னு குடிச்சிருப்பன். மன்னிச்சிட்டன்னு சொன்னா என்ன பண்றது? மொந்தய வாயில வெச்சா அந்த வார்த்த முன்னால வந்து நிக்குது. கோவம் கோவமா வந்திச்சி. என்னயக் கேக்காம எதுக்கு எனக்குக் குடுத்தான்னு."

அப்படியே ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் கால் நின்றுவிட்டதாம். வெளிச்சம் எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கல்லின்மேல் உட்கார்ந்தார், அழுகை வந்தது, எழுந்து திரும்பிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததுதான் பயங்கரம். கள் இல்லாமல் உடம்பு உதறியது. வாந்தி, பேதி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று கத்தல். அம்மா ராகிக் கூழைக் கரைத்து, மோர் ஊற்றி, என்னிடம் கொடுத்தனுப்புவாள். அவள் போகவில்லை. நான் கலயத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடி வருவேன்.

உடம்பு தேறியதும் அப்பா ஊருக்கு ஊர் விசாரித்து, சாமியார் எங்கே இருக்கிறாரோ அங்கே நடந்தே போய்த் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். எத்தனையோ வருஷம் கழித்து அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தவர் எங்கள் காட்டில், எங்கள் கண்ணில் படும்படி, வரப்பு வெட்டத் தொடங்கினார். ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வருஷத்துச் சாமை அறுத்துக் களம் சேர்த்த பிறகுதான் அம்மா தாழ்ப்பாளைத் திறந்தாள். திறந்தது தன்னிஷ்டம், யார் சொல்லியும் அல்ல என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் திறந்தாள்.

இதெல்லாம் முடிந்து, அப்பா எங்களோடு கொட்டாயில் குடியிருக்கிற காலத்தில்தான் சட்டம் வந்தது. எங்கள் தர்மபுரிப் பக்கம் அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. மதுவிலக்கை முதன்முதலில் எங்கள் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார்கள். தமுக்கடித்துக் கடையை மூடினார்கள். பெண்கள் கும்மி அடித்தார்கள். அம்மாவும் போய் அடித்தாள்.

அன்றையிலிருந்து அப்பாவின் மாற்றத்தை ஊர் எடுத்துச் சட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டது. "உங்கப்பன் எங்க திருந்துனான்? கடைய மூடிட்டாங்க, போக்கிடமில்ல" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மலையடிவாரத்தில் ஒளித்துக் காய்ச்சினார்கள். போனவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அப்பா போகவில்லை. அதற்கும் "போலீசுக்குப் பயம்" என்றார்கள். எனக்கு ஆத்திரம் தாங்காது. ஒருநாள் அந்தச் சட்டத்தையே திட்டினேன். அம்மா என்னை அதட்டினாள்.

"வாய மூடு. இன்னிக்கி இந்தத் தெருவுல முன்ன மாதிரி பொம்பளைங்க மேல அடி உழல. அதுக்குச் சட்டத்தக் கையெடுத்துக் கும்புடணும். உங்கப்பன் மனச மாத்துனது வேற. அதயும் இதயும் போட்டுக் கொழப்பாத."

எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வசதியான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று பெண் பார்க்க வந்தது. பையனுடைய பெரியம்மா எங்கள் உபதேசியாருக்கு உறவு. காப்பி குடித்து முடித்ததும் அவள் பேச்சை எடுத்தாள்.

"பொண்ணு பரவால்ல. ஆனா குடிகாரன் வூட்டுப் பொண்ணுன்னு நாலு பேரு பேசறாங்க. நாளைக்குச் சட்டம் போச்சின்னா இவரு திரும்பக் குடிக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்? பீடத்து முன்னால மெழுகுவத்திய ஏத்தி வெச்சி, சாவுற வரைக்கும் குடிக்க மாட்டன்னு சத்தியம் பண்ணட்டும். பண்ணா வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

அவர்களோடு வந்திருந்த உபதேசியார் எழுந்தே விட்டார், கோயில் சாவியை எடுக்க. சொல்லப்போனால் சுலபமான வேலைதான். அப்பா போய் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சத்தியம் பண்ண மாட்டங்க. இது என் சாமர்த்தியத்துல நிக்கிற காரியமில்ல. இன்னிக்கி என்னயப் புடிச்சிக்கிட்டு இருக்கறவரு நாளைக்கும் புடிச்சிக்குவாருன்னு நம்பறன். சாவுற வரைக்கும் நானே நின்னுக்குவன்னு சொன்னா அது பெரும பேசறதுங்க. பெரும பேசி உழுந்தவங்க நெறைய பேரு."

"பாத்தீங்களா, இப்பவே வழிய விட்டு வெக்கறாரு," என்றாள் பெரியம்மா.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசக்கூடாது. நான் பேசினேன். "எங்கப்பா சத்தியம் பண்ண வேணாங்க. எனக்காகவும் பண்ண வேணாம்."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எடுத்துவைத்த சாப்பாட்டை நாங்களே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுத்தது என்பது நினைவிருக்கிறது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், ஊரெல்லாம் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது, சர்க்கார் மதுவிலக்கைத் தூக்கிவிட்டது. ரோட்டு முக்கில் அதே ஈச்சமரங்களின் கீழே மறுபடியும் கடை. ஊரில் எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு, அப்பா என்றைக்குப் போவார் என்று. கடை திறந்த வாரமே நிலக்கடலை மூட்டைகளைப் பொம்மிடிக்கு ஏற்றவேண்டியிருந்தது. ஏரிக்கரையைச் சுற்றி வேறு வழி உண்டு. அப்பா ரோட்டு வழியாகவே வண்டியை விட்டார். நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வயசுப் பெண் கள்ளுக்கடை வழியாகப் போகிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடையில் அப்பாவின் பழைய கூட்டாளி இருந்தார். சின்ன வயதிலிருந்தே இருவரும் சேர்ந்து குடித்தவர்கள். எங்கள் தெருக்காரர்தான், கத்தோலிக்கர்தான். மொந்தையைத் தூக்கிக் காட்டினார். "வா மாமா! சட்டம் போயிடுச்சி!"

அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கினார். நானும்கூட அந்த நிமிஷம் சந்தேகப்பட்டேன். அப்பா அவரிடம் போய்த் தோளைத் தொட்டார்.

"மாப்ள, வண்டில ஏறு. உன்ன வூட்ல உட்டுட்டு அப்பறமா ஸ்டேஷனுக்குப் போறன்."

அவருக்குச் சுருக்கென்றது. "என்னயத் திருத்த வந்துட்டாரு அர்ச்சியசிஷ்டவரு, பெரிய மகானு!" என்று மொந்தையில் இருந்த கள்ளை அப்படியே அப்பாவின் மேல் வீசினார். கடை முழுக்கச் சிரித்தது. அப்பா துண்டால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அது தவக்காலம், வெள்ளிக்கிழமை. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகையில் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் தொடங்கியிருந்தது. அப்பா வண்டியை வெளியே நிறுத்தி அப்படியே உள்ளே போனார்; நான் பெண்கள் பக்கத்தில் அம்மாவிடம் போனேன். வெயிலில் காய்ந்த கள் நாற்றம் அவர்கூடவே உள்ளே வந்தது. உபதேசியார் செபத்தை நிறுத்தினார்.

"குடிச்சிட்டா வர்ற? சிலுவப்பாதைக்கா? வெளிய போ."

"குடிக்கலீங்க. மேல ஊத்திட்டாங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு. ஒருவர்கூட நம்பவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"அவரு குடிக்கல, நான் கூடவே இருந்தன். ஆனா ஒண்ணு கேக்கறங்க. குடிச்சே இருந்தாலும் அவர எதுக்கு வெளிய போவச் சொல்றீங்க? பாவிங்களுக்காகத்தான ஆண்டவரு சிலுவயத் தூக்குனாருன்னு இப்பத்தான படிச்சீங்க? பாவிய வெளிய அனுப்பிட்டு, மிச்சம் இருக்கறவங்க யாருக்காக இதச் சொல்றோம்?"

உபதேசியார் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்தாள். கோயிலில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் உள்ள வழியை யாரும் தாண்டி நான் பார்த்ததில்லை. அம்மா தாண்டினாள். அப்பாவின் பக்கத்தில், கள் நாற்றத்துக்குப் பக்கத்தில், முழந்தாளிட்டாள். கை கூப்பும்போது முறிந்து கூடிய கை எப்போதும்போலக் கொஞ்சம் கோணலாகவே நின்றது. நானும் போய் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டேன். உபதேசியார் வேறு வழியில்லாமல் சிலுவைப்பாதையின் அடுத்த ஸ்தலத்துச் செபத்தைப் படித்தார்.

எனக்குப் பிறகு கல்யாணம் ஆனது, உள்ளூரிலேயே, சத்தியம் கேட்காத ஒரு வீட்டில்.

அந்தக் கூட்டாளி சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் கொட்டாய்க்கு வந்து, உதறுகிற கைகளை நீட்டி, "எப்படி மாமா உட்ட?" என்று கேட்டார். "நானா எங்க உட்டன், உட வெச்சாங்க," என்றார் அப்பா. அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மா கூழ் கரைத்தாள். கொஞ்ச நாள் குடிக்காமல் இருந்தார், மறுபடி விழுந்தார். மறுபடி வந்தார், மறுபடி விழுந்தார். எனக்கே சலித்துவிட்டது. "இத்தன தடவ உழுவறவரு இனி எங்கப்பா எந்திரிக்கப் போறாரு?" என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது. "எனக்கு ஒரே தடவயில எந்திரிக்கக் குடுத்து வெச்சிருந்திச்சி. அது என் கெட்டிக்காரத்தனமா? அவன் எந்திரிக்கற ஒவ்வொரு தடவயும் எனக்கு ஆனத விடக் கஷ்டம்."

ஒரு மழைக்காலத்தில் அவர் ஏரியில் செத்துக் கிடந்தார். குடித்துவிட்டுக் கரையில் வழுக்கியிருக்கிறார். கையில் செபமாலை இருந்தது என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். இல்லை. நான் பார்த்தேன். கையில் சேறுதான் இருந்தது.

குடியில் செத்தவனுக்குக் கோயில் மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்று உபதேசியார் சொல்லிவிட்டார். செத்தவருடைய மனைவி பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கோயிலுக்கு நடந்தார். சற்றுநேரத்தில் மணி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு, சாவுக்கு அடிக்கிறபடி முறையாக அடித்தது. உபதேசியார் ஓடினார். நாங்களும் ஓடினோம்.

"யாரக் கேட்டு அடிக்கற? சாவான பாவத்துல செத்தவன்!"

அப்பா கயிற்றை விடவில்லை. "தண்ணிக்குள்ள போயிக்கிட்டு இருந்தப்ப அவன் யாரக் கூப்புட்டான்னு உங்களுக்குத் தெரியுங்களா? நீங்க பக்கத்துல இருந்தீங்களா? நானும் இல்ல. இருந்தவரு ஒருத்தரு. அவருகிட்ட உட்டுட்டு ஒதுங்கிக்குங்க."

வெள்ளைக்காரச் சாமியார் போய்ப் புதுச் சாமியார் வந்திருந்தார், தமிழர், சின்ன வயது. ஆள் அனுப்பியதில் மறுநாள் காலை சைக்கிளில் வந்து சேர்ந்தார். உபதேசியார் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். இரண்டையும் கேட்டார். மழையில் நனைந்த அங்கியைப் பிழிந்துகொண்டே, "மணிதான் அடிச்சாச்சே. குழிய வெட்டுங்க," என்றார்.

ஆள் யாரும் வரவில்லை. அப்பாவும் என் வீட்டுக்காரரும் என் தம்பியும் வெட்டினார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளேதான் வெட்டினார்கள், மதிலோரத்தில் அல்ல, நடுவில். சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். மழை அதையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போனது.

அன்றைக்கு அப்பா மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டு, ஈரத் துணியோடு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியல. ஆனா என்னயச் சேத்துக்கிட்டவரு அவனச் சேத்துக்கலன்னா, நான் போயிக் கேப்பன். எதுக்கு எனக்கு மட்டும்னு நேராக் கேப்பன்."

அம்மா களியை உருட்டித் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"கேளுங்க. நானும் பக்கத்துல நிக்கறன்."